ஒரு பிடி தவிடு

மாசி 3, திங்கள்

வெயில் இப்போதே சுள்ளென்று. ராசிபுரத்திலிருந்து கட்டை வண்டி. இடுப்பு கழன்றுவிட்டது.

வேலை: இந்த ஊரில் என்ன நோய், என்ன வசதி வேண்டும், வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. மருத்துவச்சிக்குப் படித்தவளுக்குக் கணக்குப்பிள்ளை உத்தியோகம்! எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க." 'இறந்த குழந்தைகள்' கட்டம் முழுக்கக் காலி. இப்படியே அனுப்பினால் இந்த ஊருக்கு எதுவும் வேண்டாம் என்று மேலே முடிவு கட்டிவிடுவார்கள்.

மாசி 4, செவ்வாய்

சோப்பு தீர்ந்தது.

என் மரமண்டையே! இன்று பிள்ளைகளின் பெயர் கேட்டேன். குப்பன், குப்பாயி, மறுபடி குப்பன். முன்னால் பிறந்தவை தவறினால், அடுத்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து இப்படிப் பெயர் வைக்கிறார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். இருக்கிற பிள்ளையின் காதுபட, போனதைப் பேசவும் மாட்டார்கள்.

நிறைமாதக்காரி பாவாயி மட்டும் தனியே கூட்டிப்போய்ச் சொன்னாள். "மூணுங்க. மூணும் ஏழாம் நாளு இசிவு வந்து போயிருச்சுங்க. கடைசி ரெண்டையும் குப்பையில பொரட்டிப் பாத்தமுங்க. நிக்கல."

தொப்புள் ஆறாத பச்சைக்குழந்தையை! இசிவு தொற்றுவதே அந்த அழுக்கில்தான். சொன்னேன். "இந்தத் தடவ இன்னும் நல்லாப் பொரட்டோணுமுங்க" என்கிறாள். திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மாசி 7, வெள்ளி

காலையில் பாவாயிக்கு வலி. உச்சிப்பொழுதில் பெண் குழந்தை. கத்தரி, நூல் எல்லாம் கொதிக்க வைத்தது. நிமிர்ந்தால், அவள் நாத்தனார் முறத்தோடு நிற்கிறாள், குப்பைமேட்டுக்குக் கொண்டுபோக.

"உடுங்க நர்சம்மா. இதையும் எமனுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

எனக்கும் குரல் ஏறிவிட்டது. சட்டென்று ஒரு நினைப்பு: பிள்ளை தங்க, பிடி தவிட்டுக்கு அடுத்தவருக்கு விற்றதாக்கி எமனை ஏமாற்றுவது எங்கள் பக்கம் உண்டு. "தவுட்டுக்கு விக்கிற வழக்கம் இங்க உண்டா?"

"உண்டுங்க. ஆரு வாங்குவா?"

"நான் வாங்கிக்கறேன். எம் புள்ளயக் குப்பையில போட உடமாட்டேன்."

நாத்தனார் முழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். ஒரு பிடி தவிடு கொடுத்து, மடியில் வாங்கிக்கொண்டேன். என்ன சூடு அந்த உடம்பு! கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என் மடிக்கு வந்த முதல் பிள்ளை.

மாசி 10, திங்கள்

தொப்புள் காய்கிறது. சாணம், சாம்பல் எதுவும் வைக்கக் கூடாது என்று தினமும் கத்தல். தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம்.

மாசி 13, வியாழன்

ஏழாம் நாள். இசிவு வருவதானால் முதலில் பால் மறுக்கும். நாலு தடவை போய்ப் பார்த்தேன். நாலாவது தடவை தூங்குகிறது. தூக்கம்தானா? விரலை வாயில் வைத்தேன். இழுத்துச் சப்பியது. சாமி, என் சாமி.

மாசி 14, வெள்ளி

படிவம் முடிந்தது. ஊருக்கு வேண்டியது: மருத்துவச்சி, உடனே. நானே வரத் தயார் என்றும் எழுதினேன்.

சொல்லிக்கொள்ளப் போனேன். குழந்தை ஊரைக் கூட்டி அழுகிறது. பாவாயி எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"உங்க புள்ள பசிச்சு அழுவுதுங்க. நாம் பாலு குடுக்கட்டுங்களா?"