பிரேக்கில் பூசிய கிரீஸ்

ஞாயிற்றுக்கிழமை.

சீ! மூன்று முறை சோப்பு போட்டும் கையில் கிரீஸ் நாற்றம் போகவில்லை.

ஆறு மாதமாகக் கடற்காற்றில் நின்ற என் பழைய காரின் நான்கு சக்கரமும் துருப்பிடித்து இறுகிவிட்டன. மகளைப் பிரசவத்துக்கு அதில்தான் கூட்டிப்போவேன் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பது விசைப்படகு பழுது பார்த்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? படகில் துருப்பிடித்ததற்கெல்லாம் பூசுகிற மாதிரி, சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் ஷூவிலும் டிரம்மிலும் கிரீஸை அப்பினேன். சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. தெருவே கைதட்டியது. சரி, இரண்டு பேர்.

ஓட்டிப் பார்த்தேன். மிதிக்க மிதிக்க நிற்கவில்லை. குப்பைத்தொட்டியில் மோதியதில் அழுகிய மீன் குடல் எல்லாம் கண்ணாடி மேல். கலீஜ்!

மெக்கானிக் பஷீர் பாய் டிரம்மைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா மாமு, பிரேக்குல போயி கிரீஸ் தடவிகீற? அது புடிக்கிறதுக்கா, வழுக்குறதுக்கா?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நைனா, நான் ஆட்டோல போய்க்கிறேன்."

சிரிக்கட்டும். அவள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பிரேக் பிடிக்காமல் போயிருந்தால்? என் மேலேயே எனக்கு அருவருப்பு.

நாற்பது படகு இல்லை. மூன்று. அதிலும் ஒன்றுக்கு டார்ச் மட்டும்தான் பிடித்தேன்.