காருக்குள் ஒரு வயதான பெண்

27 செப்டம்பர் 1993, திங்கள்

காலையிலிருந்து மழை. அக்காவின் சேலைகளைத் துவைத்துவிட்டுக் காயப்போட இடமில்லாமல் சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் மேல் விரித்து வைத்தேன். வீடு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. நான் மட்டும் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

நேற்று நடந்ததை நேற்றே எழுதவில்லை. கோபம் ஆறட்டும் என்று விட்டேன். ஆறவில்லை. அக்கா இறந்த முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கில் ஐயருக்குக் கொடுக்கச் சில சாமான்கள் வாங்கவேண்டியிருந்தது. செம்பும் பாயும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலேயே கிடைத்துவிட்டன. மற்றதற்காகப் புது ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் தூண் ஓரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. டட்சன் காரை அங்கே விட்டு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, நாலு கதவையும் பூட்டினேன். திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் ஒரு மஞ்சள் சீட்டு. கடைக்காரர்களுக்கு ஒதுக்கிய இடமாம். ஐம்பது வெள்ளி அபராதமாம். அங்கே போர்டும் கிடையாது, தரையில் எழுத்தும் கிடையாது!

ஐம்பது வெள்ளி எனக்குப் பெரிதில்லை. ஆனால் கல்வி இலாகாவில் வேலை செய்த காலமெல்லாம் ஒரு தாளில்கூடத் தவறு என்று பெயர் வாங்காதவள் நான். அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது. எழுதுகிறேன் அவர்களுக்கு.

28 செப்டம்பர், செவ்வாய்

முறையீடு தயார். எழுதும்போதுதான் சீட்டின் அடியில் இருந்த வரியைக் கவனித்தேன். மலாயில் கிறுக்கியிருக்கிறது: காருக்குள் ஒரு வயதான பெண், எடுக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

எந்தக் கார்? எந்தப் பெண்? வேறு யாருக்கோ எழுதியதை என் கண்ணாடியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? இரண்டாவது காரணமாகச் சேர்த்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

30 செப்டம்பர், வியாழன்

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போர்டு இருக்கிறது - தூணுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு முதுகிலும் கண் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது.

இன்னொன்று. காரின் இடதுபக்க முன் இருக்கையை, மூட்டை வைப்பதற்காக நான் முன்னுக்கு இழுத்து விட்டிருந்தேன். இன்று பார்த்தால் கடைசிவரை பின்னுக்குப் போயிருந்தது. அக்காவின் முழங்கால் மடங்காது என்பதால் அப்படித்தான் எப்போதும் வைத்திருப்போம். கொக்கி தேய்ந்திருக்கும். பழைய கார்தானே.

4 அக்டோபர், திங்கள்

பார்க்கிங் கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் குமரப்பன், செட்டியார் வீட்டுப் பிள்ளை, நெற்றியில் துளி திருநீறு, மேசையில் இரண்டு டெலிபோன். மரியாதையாகத்தான் பேசினார்.

"போர்டு விஷயம் எங்க மிஸ்டேக், ஒத்துக்கிறேன் ஆன்டி. ஆனா எங்க செக்யூரிட்டி கார்டு நேர்லயே வந்து சொல்லியிருக்காரு லா. சொன்னதுக்கப்புறமும் எடுக்கலைன்னா அபராதம் நிக்கும்."

"யாரிடம் சொன்னார்?"

"கார்ல இருந்த அம்மாகிட்ட."

"என் காரில் யாரும் இல்லை. நான் தனியாகத்தான் வந்தேன். சீட்டு மாறிவிட்டது."

காவலரை உள்ளே கூப்பிட்டார். கன்னையா என்று பெயர். காப்பாரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருகிறவராம். ஐம்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீல டட்சன்தானே ஆன்டி? சீட்டு மாறல. முன் சீட்ல இருந்தாங்க. கொஞ்சம் பெரிய உடம்பு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாங்க, ஒரு பக்கம் காதுகிட்ட பிளாஸ்டர் சுத்தியிருந்துச்சு."

எழுந்து வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது பஸ் நிறுத்தம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. காரையும் விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கிறேன்! திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த பிளாஸ்டர் நான் சுற்றியது. புதுக் கண்ணாடி வாங்கலாம் என்றால் கேட்டால்தானே? அந்தக் கண்ணாடி இப்போது இல்லை. அக்காவின் முகத்தில் போட்டே அனுப்பினோம். அக்காவோடு எரிந்துவிட்டது.

5 அக்டோபர், செவ்வாய்

காரை எடுக்கவில்லை. மினிபஸ்ஸில் போய் மினிபஸ்ஸில் வந்தேன்.

7 அக்டோபர், வியாழன்

தூங்காமல் கிடப்பதைவிடக் கேட்டுவிடுவது நல்லது என்று கன்னையாவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில்தான். சாப்பாட்டு நேரம். கீழ்த்தளத்துச் சரிவின் ஓரத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடி வைத்துவிட்டார்.

என் அக்காவைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னார்களா என்று நேராகவே கேட்டேன்.

"ஆன்டியையே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அக்காவை எப்படித் தெரியும்?"

"சரி. அந்த அம்மா என்ன சொன்னார்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

கொஞ்சம் யோசித்தார். "சிலோன் தமிழ்ல பேசுனாங்க ஆன்டி. எனக்கு அது சரியா வராது. 'தம்பி, நீர் போம். நான் அவவுக்குச் சொன்னனான். கேக்கமாட்டா. சின்னனிலையிருந்தே அப்பிடித்தான்' அப்படின்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

எனக்கும் வந்தது. ஐயோ, அக்காதான். வேறு யார் என்னைப் பற்றிப் போகிற வருகிற ஆளிடமெல்லாம் இப்படிக் கோள் சொல்வது?

"அப்புறம்?"

"இங்க வெக்கையா இருக்கே, வெளிய வந்து நில்லுங்கம்மான்னேன். 'அவ வராமல் நான் ஓரிடமும் போகேலாது' அப்படின்னாங்க." பொட்டலத்தை இன்னும் இறுக்கி மடித்தார். "அப்ப நான் சிரிக்கல ஆன்டி. கண்ணாடி முழுக்க ஏத்தியிருந்துச்சு. எஞ்சின் ஓடல. அவங்க சத்தம் போட்டும் பேசல. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

கிளம்பும்போது, "நான் பொய் எழுதல ஆன்டி" என்று மட்டும் சொன்னார்.

அவ வராமல். நான் எங்கே வராமல்? கடைக்கு மேலே போனவள் கீழே வராமல் என்றா? இல்லை, நான் வேறெங்கோ - எழுதக் கை வரவில்லை. எனக்கு அறுபத்தொன்று. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. அறுபத்தொரு வருஷமும் ஒரே கூரைக்குள் இருந்தோம். ஒருத்தி கட்டிக்கொண்டு போனால் மற்றவள் தனியாகிவிடுவாள் என்று இரண்டு பேருமே கட்டாமல் இருந்தோம். அக்காவுக்குத் தனியாக எங்கும் போய்ப் பழக்கமே இல்லை.

9 அக்டோபர், சனி

எத்தனை நாள் பஸ்ஸில் போவது? நானா பயந்தவள்? காரை எடுத்தேன். அந்தியேட்டி ஐயரைப் பார்த்துப் பேசக் கிள்ளான் போகவேண்டியிருந்தது.

பெடரல் நெடுஞ்சாலைக்கு ஏறும் முன் பெட்ரோல் போட்டேன். போட்டவர் ஒரு மலாய்க்காரர். மிச்சக் காசை இடதுபக்க ஜன்னலில் நீட்டினார். நான் வலதுபக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கக் கண்ணாடியைத் தட்டி, சிரித்த முகமாக, காத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பவும் அந்த இருக்கையைப் பார்த்தார். முகம் மாறிப் போயிற்று. சுற்றி வந்து என் கையில் காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

கிள்ளான் வரை இடதுபக்கம் திரும்பவே இல்லை. இடதுபக்கக் கண்ணாடியில் லோரி வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஷா ஆலம் தாண்டியதும் சத்தமாகவே கேட்டேன். "அக்கா, என்னைக் கூட்டிக்கொண்டு போகவோ நிக்கிறியள்?"

பதில் இல்லை. ஆனால் சும்மா இருக்கிற ஒரு ஆள் பதில் சொல்லாமல் இருப்பதற்கும், ஆளே இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அது எனக்குத் தெரியும். அக்கா கோபித்துக்கொண்ட நாட்களில் எத்தனை தடவை அந்த மௌனத்தோடு வண்டி ஓட்டியிருக்கிறேன்.

11 அக்டோபர், திங்கள்

குமரப்பன் திரும்பக் கூப்பிட்டார். தாளை டைப் அடித்தே வைத்திருந்தார்.

"உங்க லெட்டரை டைரக்டர் படிச்சாரு ஆன்டி. கேன்சல் பண்ணச் சொல்லிட்டாரு. கார்ல யாரும் இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க, முடிஞ்சிடுச்சு."

"கன்னையா?"

"பொய் ரிப்போர்ட் எழுதின ஆளை வச்சிருக்க முடியுமா? இந்த மாசத்தோட அனுப்பிடுவோம்."

கன்னையா கதவருகில் நின்றிருந்தார். கெஞ்சவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவைத் திறந்தேன். தாளில் இருந்தது சரியான வாக்கியம்தான். நான் தனியாகப் போனேன், காரைப் பூட்டினேன், உள்ளே யாரும் இல்லை. இதற்காகத்தானே இரண்டு வாரமாகச் சண்டை போட்டேன்? கையெழுத்துப் போட்டால் நான் வென்றேன். போட்டால் அந்த மனிதருக்குச் சோறு போகும். அது மட்டுமில்லை. போட்டால், அக்காவின் முகத்துக்கு நேரே, நீங்கள் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்ததாக ஆகும். அக்கா கீழே காரில் இருந்துகொண்டே அதைக் கேட்பது போல இருந்தது. போடாவிட்டாலோ, இருக்கிறார் என்று ஒத்துக்கொண்டு அந்தக் காரிலேயே வீட்டுக்குப் போகவேண்டும்.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் என் கையால் எழுதினேன். காருக்குள் இருந்தவர் என் அக்கா இராசேஸ்வரி. உங்கள் காவலர் எழுதியது சரி. முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு, குணபூசணி.

ஐம்பது வெள்ளியை எண்ணி வைத்தேன். குமரப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் ஏன் ஆன்டி அன்னிக்கு யாரும் இல்லைன்னீங்க?"

"எனக்குத் தெரியாமல் ஏறிவிட்டார்" என்றேன்.

குமரப்பன் சிரித்தார். கன்னையா சிரிக்கவில்லை. மேனேஜர் எதிரில் என்பதையும் பாராமல் கை கூப்பினார்.

வரும்போது இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். வெறும் இருக்கை. ஆனாலும் வளைவுகளில் மெதுவாகவே ஓட்டினேன்.

14 அக்டோபர், வியாழன்

அந்தியேட்டி முடிந்தது. அண்ணன் மகன் கனகலிங்கம் மலாக்காவிலிருந்து வந்து எல்லாம் முறையாகச் செய்தான். "இனி அவவுக்கு இஞ்சை ஒரு அலுவலும் இல்லை, வழிவிடுங்கோ" என்றார் ஐயர். எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு மட்டும் சொன்னது போல இருந்தது.

பந்தி நடக்கும்போது வெளியே போய்க் காரின் இடதுபக்கக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா இறங்க எப்போதும் நேரம் எடுக்கும். முதலில் ஒரு கால், பிறகு கதவைப் பிடித்து மற்றக் கால். அவ்வளவு நேரமும் நின்றேன்.

"அக்கா, நான் இப்ப வரேல்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கோணும் போல இருக்கு. நீங்கள் போங்கோ."

வாசலிலிருந்து கனகலிங்கம், "மாமி, ஆரோடை கதைக்கிறியள்?" என்றான்.

காற்றோட்டத்துக்குத் திறந்தேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். கதவை அவன்தான் சாத்தினான்.

17 அக்டோபர், ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். அதுதான் பிடிக்கவில்லை.

23 அக்டோபர், சனி

காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கீழ்த்தளத்தில் அதே தூண், அதே இடம். போர்டை இப்போது முன்னால் நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள், குருடனுக்கும் தெரியும். தெரிந்தே காரை அதன் முன்னால் விட்டேன். கண்ணாடிகளை ஏற்றினேன். நாலு கதவையும் பூட்டினேன்.

மேலே தேநீர்க் கடையில் ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடிக்க முடியவில்லை. எப்போது இறங்கலாம் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி வருவா, நீர் போம் - இப்போது அக்கா சொல்லிக்கொண்டிருப்பார், இப்போது என்று.

இறங்கி வந்தபோது மஞ்சள் சீட்டு இருந்தது. கன்னையாவின் கையெழுத்துதான். காரின் எண் சரி. இடம் சரி. அபராதம் ஐம்பது வெள்ளி. அடியில், காருக்குள் ஆள் இருந்தால் எழுதவேண்டிய இடத்தில், மலாயில் ஒரே ஒரு சொல். தியாடா. இல்லை.

கன்னையா தூணருகில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிக்குங்க ஆன்டி. எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சுத்தி வந்து குனிஞ்சு பார்த்தேன்."

"பரவாயில்லை" என்றேன்.

மேலே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தேன். முறையீடு ஒன்றும் எழுதப் போவதில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.