கூரைக்கு மட்டும் காற்று

ஊர் மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. பட்டறைச் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

நீங்கள் கண்டென்சர் மாற்றிய நாளிலிருந்து நம் அறை ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. காற்றெல்லாம் கூரைக்குத்தான். சொன்னால், "பதினெட்டு வருஷமா மோட்டார் காயில் கட்டறவனுக்கே பாடம் எடுக்கறியா? புழுக்கம் உன் மண்டைக்குள்ள!" என்று குதித்தீர்கள். அதனால்தான் மூன்று நாளாக ஹாலில் படுக்கிறேன். நீங்களோ இங்கே வியர்த்து வழிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

சரி, பரீட்சை வைத்துவிடுவோம். ஃபேனை ஐந்தில் ஓடவிட்டு, இந்தச் சீட்டைக் கட்டில் நடுவில் பாரம் எதுவும் வைக்காமல் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். நீங்கள் வரும்போது பறந்து மூலையில் கிடந்தால் நான் தோற்றேன், மன்னிப்புக் கேட்கிறேன். போட்ட இடத்திலேயே கிடந்தால், மெயினை அணைத்துவிட்டு, கண்டென்சரில் இடம் மாறிய ஒயரை மரியாதையாக மாற்றி மாட்டுங்கள்.

மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். அது பாவம், மாட்டினபடி சுற்றுகிறது.

பி.கு.: கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "பறந்துடுச்சு" என்று கதை விடாதீர்கள். அங்கே பெருக்கி மூன்று நாளாகிறது. தூசி காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று: ஒயரை மாட்டியதும் ஹாலில் இருக்கும் என் தலையணையை எடுத்துவந்து போடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே.