ஓடைக்கரை ஈக்களும் நக்யன்சியும்

அன்புள்ள கணவர் ஓச்வோவுக்கு, நியாகெச்சோ எழுதுவது. தம்பி வீட்டில் எல்லோரும் சுகம். கேழ்வரகு காய்ந்து விட்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. வரிக்கு வரி உங்களோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நக்யன்சிதான். என் பெயர் உறையின் மேல் மட்டும்தான் இருந்தது.

அது போதாதென்று அவளே நம் வீட்டில் வந்து இறங்கினாள். ஓடைக்கரையில் கட்டிய நீலத் துணிப் பொறிகளில் விழுந்த, இரத்தம் குடிக்கும் செட்சி ஈக்களை எடுத்துப்போக வந்தாளாம். பக்கத்து வீட்டு அத்தியேனோ சும்மா இருப்பாளா? "உன் வீட்டுக்காரரும் இவளும் ஒரே மேசையிலதான் வேலை பாக்குறாங்களாமே! கொஞ்சம் தலையையாவது வாரிக்கோடி" என்று என் காதைக் கடித்தாள்.

வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் தேநீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள். "ஓச்வோவா இருந்தா மூணு கரண்டி போடாம தொடமாட்டார்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது எனக்குத் தெரிந்தால் போதாதா? இவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

போன தடவை எடுத்துப்போன ஈக்களின் வயிற்றில் இருந்த இரத்தத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து சோதித்தீர்களாம். கொஞ்சம் உடும்பு, கொஞ்சம் மாடு, மிச்சமெல்லாம் பன்றியும் மனிதனும் என்றாள். ஈ மொய்க்காமல் பன்றிகளுக்கு மருந்து தெளிக்க வேண்டும், ஓடைப் பக்கம் மேய விடக் கூடாது என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "புருஷனைப் பிடிச்சது பத்தாதா, என் பன்றியும் வேணுமா உனக்கு?" என்று கேட்டே விட்டேன்.

அவளோ என் முழங்கைக்கு மேலே இருந்த புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, காய்ச்சல் வருதா?" என்றாள். வந்துகொண்டுதான் இருந்தது; தலைவலியும். உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் படிக்க நேரம் இருக்குமோ என்று தோன்றியது.

வாடகை மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, நான் விழாமல் தானும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தொரோரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். செட்சி ஈ கடித்து வரும் தூக்க வியாதி. தலைக்கு ஏறுமுன் பிடித்துவிட்டார்கள். ஊசி போட்டு முடியும்வரை என் பக்கத்திலேயே இருந்தாள். சிக்குப் பிடித்த என் தலையைக்கூட வாரிவிட்டாள். நல்லவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

இப்போது தேறிவிட்டேன். பன்றிகளுக்கும் மருந்து தெளித்தாயிற்று. உங்களிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஓடைக்கரை ஈயின் வயிற்றில் மனித இரத்தம் என்று கண்டுபிடித்தீர்களே, அந்த ஓடைக்கு நாள்தோறும் தண்ணீருக்குப் போகிறவள் யார் என்று ஒரு நிமிடம் நினைத்தீர்களா? அது என் இரத்தமாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

அடுத்த முறை ஈ எடுக்க ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள்.

உங்கள் மனைவி,
நியாகெச்சோ