பார்டர் செடி

அக்கா, காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்ததும் பச்சை இலை வெட்டிய வாசனை அடித்தது. இந்த நேரத்தில் யார் வெட்டுவது என்று எனக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால் உன் மகன். ஷிப்ட் முடித்து வந்த சட்டையைக் கூடக் கழற்றவில்லை, நீ வைத்த இட்லிப்பூச் செடியை வெட்டிக்கொண்டிருந்தான். உனக்குக் காரியம் முடிந்து பந்தல் பிரித்த குழிகூட இன்னும் மூடவில்லை.

“இன்னாடா பண்ற?”

“ரூம் கட்டப் போறேன் சித்தி. தெக்கத்திப் பசங்க வாடகைக்குக் கேட்டுகினே கீறாங்க.”

“ரெண்டு வூட்டுக்கும் பொது எடம்டா இது.”

“அம்மாவே பார்டர் போட்டுட்டுத்தான போச்சு. அந்த மஞ்சச் செடி வரைக்கும் எங்களுது.”

மஞ்சள் இலைச் செடி என் சுவரை ஒட்டி நிற்கிறது. அதுவரை அவன் கட்டினால் என் ஜன்னலுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை.

பார்டர் என்ற சொல்லை முதன்முதலில் உன் வாயில்தான் கேட்டேன். அண்ணன் தம்பியான நம் வீட்டுக்காரர்கள் பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த இடத்தைப் பொதுவில் விட்டார்கள். நீ ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் காண்டிராக்டில் தோட்ட வேலை பார்த்தாய். அங்கே வெட்டிப் போடும் குச்சிகளைக் கோணியில் சுருட்டி வந்து அந்தப் பொது இடத்தில் நட்டாய். பகலெல்லாம் செடியோடு மாரடிக்கிறவள் வீட்டுக்கு வந்தும் நடுகிறாள் என்றால் சும்மாவா நடுவாள்? ஒருநாள் குழாயடியில் நின்று மண்ணூரில் இருக்கும் உன் தங்கச்சியிடம் போனில் சொன்னாய்: “பார்டர் போட்டு முட்ச்சிட்டேண்டி.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைக்கே என் கணக்குக்கு ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்தேன். மறுநாள் நீ அதை எடுத்துப் பாத்தி சரியாமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டாய்! அதற்குப் பிறகு நேராகவே கேட்டேன்.

“இன்னாக்கா, எல்லை கட்றியா?”

நீ சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. “அடியே, பின்னாடி ஒசரம், நடுவுல நடுத்தரம், முன்னாடி குட்ட. அந்தக் குட்டைக்குப் பேருதான் பார்டர். கம்பெனில அப்டித்தான் சொல்லுவாங்கோ. உனுக்கு எதப் பாத்தாலும் எல்லதான்.”

நான் நம்பவில்லை. கம்பெனிப் பேச்சைப் பேசி என்னை மடக்குகிறாய் என்றுதான் நினைத்தேன். செடி வளர வளர என் சந்தேகமும் வளர்ந்தது.

இன்று உன் மகன் கத்தியோடு நிற்கும்போது, வெட்டாமல் மிச்சம் இருந்த செடிகளைப் பார்த்தேன். உன் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி. அதற்கு முன்னால் இட்லிப்பூ. கடைசியில், என் பக்கத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத மஞ்சள் இலைச் செடி. அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து என் ஜன்னலில் நிறுத்தினேன்.

“இங்கேருந்து பாத்தா இன்னா தெரிது?”

“பூ தெரிது.”

“உங்க ஜன்னல்லேருந்து?”

யோசித்தான். “செம்பருத்தி முதுகுதான் சித்தி. ஒரே எலையா கீது. அம்மாவ எத்தினியோ வாட்டி திட்டிகீறேன்.”

“வேலி போடறவ ஒசரத்த எம்பக்கம் வெச்சிருப்பா. முதுக உங்குளுக்குக் காட்டி, மூஞ்சிய எனுக்குக் காட்டி எவடா வேலி போடுவா?”

அவன் கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “நைனாவக் கேட்டுட்டு சொல்றேன்” என்று அப்பனிடம் போனான். அவனையும் நான் நம்பவில்லை. உன் பிள்ளைதானே! கத்தியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அவனிடம் வாய் கிழியப் பேசிவிட்டேனே தவிர, எனக்கே ஒன்று விளங்கவில்லை அக்கா. காரியம் இல்லாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை நீ. உன் வீட்டுக்கு இலையை வைத்துக்கொண்டு பூவையெல்லாம் ஏன் என் பக்கம் திருப்பினாய்? பொறாமையில் நான் வேகட்டும் என்றா? இல்லை, அடுப்படியே கதி என்று கிடக்கிறவள் பார்க்கட்டும் என்றா? இத்தனை வருஷம் உன்னை நம்பாமலே பக்கத்தில் இருந்துவிட்டேன். இப்போது நம்பலாம் போல இருக்கிறது. அதிலும் எனக்குச் சந்தேகம் வருகிறது. “போடி பைத்தியம்” என்று சொல்ல நீ இல்லை.