கூடவே வந்த சத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

அப்பாவின் தையல் மிஷினை மூடியே வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி பாதி தைத்த ஜாக்கெட்டைக் கேட்க வாசல்வரை வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டியாக்கா என்று மட்டும் கேட்டுப் போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போவதற்கு முந்தின வாரம் தினமும் காலையில் வீட்டில் பீப் பீப் என்று ஒரு சத்தம். சுவர்க் கடிகாரம்தான் என்று அப்பா நாற்காலி போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றினார். மறுநாளும் கேட்டது. ஃபிரிட்ஜ்தான் என்று நான் ஒயரைப் பிடுங்கினேன். பால் கெட்டதுதான் மிச்சம். குளிக்கப் போனாலும் கேக்குது, போற இடமெல்லாம் கூடவே வருது, உன்னை மாதிரியே என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். ஆபரேஷன் செய்து அவர் நெஞ்சுக்குள் வைத்த மிஷின் எங்கள் இரண்டு பேர் நினைப்பிலும் வரவில்லை. அது பல வருஷம் ஓடும் என்று சொல்லித்தானே வைத்தார்கள்.

சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். இதயம் தடுமாறினால் அந்த மிஷின் ஒரு அடி கொடுத்துக் கிளப்பிவிடும் என்றார்களே, அது கொடுக்கவில்லை.

அவரை எடுத்துப்போன மறுநாள் காலை, வீடு நிறைய ஆட்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபிரிட்ஜ் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஆமாம்மா, பேட்டரி தீரப்போகுதுன்னு அந்த மிஷின்தான் கூப்பிட்டிருக்கு, ஒண்ணு ரெண்டு மிஷின்ல இப்படி சீக்கிரமே தீர்ந்துடும் என்றார். அது கூப்பிட்டிருக்கிறது. நாங்கள் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

இப்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் வண்டி ரிவர்ஸ் எடுத்தால்கூட எழுந்து ஓடுகிறேன். உனக்கு வாய்த்ததும் அப்பாவின் நெஞ்சுதான். அவருக்கு வைத்த அதே மிஷினைத்தான் உனக்கும் வைத்தார்கள். சோதித்துக்கொள் என்றால், லீவு இல்லம்மா, இன்னும் வருஷம் கிடக்கு என்கிறாய். உன் சலவைக் கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது என்று நீதான் சொன்னாய். காலை முழுக்க நீ நிற்பது அங்கேதானே. அது மெல்லக் கூப்பிட்டால் உனக்கு எப்படியடி கேட்கும்?

இதைப் படித்ததும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மேஸ்திரி கத்தினால் கத்தட்டும், அம்மா செத்துப்போனாள் என்று சொல், எனக்கு ஒன்றும் ஆகாது. போகிறவரை, காலையில் வெளியே வந்து எனக்குப் போன் போடு. போட்டு, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நில். நீ பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன், அழவும் மாட்டேன். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

ஒரு சத்தமும் இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும்
அம்மா