மேட்டடியில் கழற்றிய சப்பாத்து

அக்கா,

பனி கரைந்துவிட்டது. காலையில் வாசலில் சப்பாத்தைத் தட்டினேன். அடியில் ஒட்டியிருந்த ஈரமண் வாசம் மூக்கிலடிக்க, உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நேற்று தனியாக நம் மேட்டுக்குப் போய்வந்தேன்.

ஸ்காபரோ வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடு, ஏறி இறங்கினால் சுகருக்கு நல்லது. நமக்கு முதலில் அது அவ்வளவுதான். உச்சியிலுள்ள கல்லடியில் குந்தி ஆட்டிறைச்சி றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு இறங்குவோம். பிறகெங்கே சுகர் குறைவது! கல்லில் பதித்திருந்ததை ஒருநாள் உங்கள் மகள்தான் வாசித்துச் சொன்னாள். வெள்ளைக்காரர் கனடாவுக்கு வருமுன் இங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் தம் இறந்தவர்களைப் புதைத்த இடமாம். மண் எடுக்க வெட்டியபோது எலும்புகள் தெரிந்தனவாம். அதன்பிறகு எவரும் தொடாமல் காத்து வருகிறார்கள்.

நான் பதறி எழுந்தேன். "ஐயோ அக்கா, இவ்வளவு நாளும் சுடலைக்குப் போயிட்டு முழுகாமல் சாமியறைக்குள்ள போயிருக்கிறன்!"

"றோல்ஸ் திண்டதுக்கே அவை ஒண்டும் சொல்லேல்லை. முழுகாததுக்கோ சொல்லப்போகினம்?" என்று சிரித்தீர்கள்.

மகள் ஃபோனில் தேடி இன்னும் வாசித்தாள். ஊரோடு வேறிடத்துக்குப் பெயருமுன் அங்கங்கே புதைத்தவர்களைத் தோண்டியெடுத்து, எலும்புகளைத் துப்புரவாக்கித் தோலில் சுற்றி, விருந்து வைத்து, எல்லாரையும் ஒரே குழியில் சேர்த்து வைப்பார்களாம்.

உங்கள் சிரிப்பு நின்றது. "ஒருத்தரையும் தனிய விடேல்லை, பாத்தீரே" என்றீர்கள்.

ரூபனைத்தான் நினைத்தீர்கள். இலங்கையில் கடைசி யுத்தத்தில் காணாமற்போன மகனுக்கு, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்து முடிக்கும்படி சொந்தக்காரர் கேட்கும்போதெல்லாம், "என்ர பிள்ளையின்ர ஒரு எலும்பைக் காட்டுங்கோ, செய்யிறன்" என்று சீறுவீர்கள். அன்றுமுதல் மேட்டடியில் சப்பாத்தைக் கழற்றினீர்கள், நானும் கழற்றினேன். றோல்ஸை மட்டும் விடவில்லை. "விருந்து வைச்ச சனம்தானே, கோவிக்காயினம்" என்றீர்கள்.

நீங்கள் போனபின், உங்கள் அந்தியேட்டிக்கு முந்தினநாள் மகள் ஃபோனில் அழைத்தாள். "அன்ரி, தம்பிக்கும் சேர்த்துச் செய்வமோ? எல்லாரும் சொல்லினம். அம்மாவோட ஒண்டாப் போகட்டும்."

பாவம், அவளுக்கும் மனம் ஆறவேண்டும்தானே. "அம்மா இருந்தா என்ன சொல்லுவா?" என்று மட்டும் கேட்டேன்.

அழுதாள். பிறகு, "எலும்பைக் காட்டச் சொல்லுவா" என்றாள். ரூபனுக்குச் செய்யவில்லை. ஆனால் கிரியை முடிந்ததும் அவன் படத்தை என் கையில் தந்தாள். "என்னால இதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது அன்ரி. நீங்கள் வைச்சிருங்கோ."

நேற்று மேட்டில் வெறுங்காலோடு நின்று அவன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். நாயோடு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்! வீட்டுக்கு வந்து முழுகாமலே சாமியறைக்குள் போய் விளக்கேற்றினேன். உங்கள் படத்துக்கு மாலை போட்டேன். பக்கத்தில் ரூபனின் படத்தைத் துடைத்து வைத்தேன். மாலை போடவில்லை அக்கா.